முறைக்காவல்

எங்கள் பக்கம் மூன்று பேரைச் சாமி என்று கூப்பிடுவோம். கோயிலுக்குள் இருப்பவர் முதல் சாமி. வீட்டுப் பிள்ளைகள் அடுத்த சாமி. "ஒரு வாய் வாங்கிக்கோ சாமி" என்று சோற்றுக் கிண்ணத்தோடு அவர்கள் பின்னாலேயே நடப்போம். மலையிலிருந்து இறங்கிவந்து இருட்டில் நிற்கிற யானை மூன்றாவது சாமி. மூன்றுக்கும் ஒரே சொல், ஒரே குழைவு. மூன்றாவது சாமியை மட்டும் விரட்டுகிறோம்.

கோவைக்கு மேற்கே, தொண்டாமுத்தூரைத் தாண்டி நரசீபுரம் போகிற வழியில் எங்கள் தோட்டம். மூன்றரை ஏக்கர். ஒன்றரை ஏக்கரில் நேந்திரன் வாழை, மீதியில் பாக்கும் கொஞ்சம் சின்ன வெங்காயமும். வடமேற்கு மூலையில் நின்றால் போளுவாம்பட்டி வனச்சரகத்தின் மரங்கள் தெரியும். இடையில் ஓர் ஓடையும் ஓர் அகழியும்தான். அகழியின் கரை மழைக்கு மழை சரிந்து, யானை இறங்கி ஏறத் தோதான படியாகவே சில இடங்களில் ஆகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் 31 வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். கணவர் போன பிறகும் நிலத்தைக் குத்தகைக்கு விடவில்லை. வாழை குலை தள்ளியதிலிருந்து வெட்டு முடியும்வரை, தோட்டத்து வீடான சாளையின் மொட்டை மாடியில்தான் என் படுக்கை.

ஒரு சிவராத்திரிக்கு முந்தின வாரம், வெள்ளியங்கிரி ஏறப் போன ஒரு குடும்பம் தண்ணீர் கேட்டுச் சாளைக்கு வந்தது. முந்தின இரவு யானை வந்துபோன வாழைத்தோட்டம் அப்படியே கிடந்தது. கையில் மூங்கில் தடியோடு நின்ற அந்த அம்மா, சாணக் குவியலையும் சாய்ந்த வாழைகளையும் பார்த்துவிட்டுச் செருப்பைக் கழற்றினார். கைகூப்பினார். "பிள்ளையாரே வந்து சாப்பிட்டுட்டுப் போயிருக்காருங்க. நீங்க குடுத்து வெச்சவங்க. வெரட்டிராதீங்க, பாவம்" என்றார். அவர் கண்ணில் ஈரம் இருந்தது. மனதாரச் சொன்ன சொல் அது. நான் செம்பு நிறையத் தண்ணீர் கொடுத்து, மேலே ஏறும்போது பேச்சுச் சத்தத்தோடு கூட்டமாகப் போகச் சொல்லி அனுப்பினேன். அவர்கள் போன பிறகு அந்தச் சொல் போகவில்லை. சாமி என்று சொல்லிக்கொண்டே விரட்டுவது என்ன நியாயம்? விரட்டுவது பாவமா, அல்லது சாமி என்று நாங்கள் சொல்வதுதான் வாய்ப்பேச்சா?

முந்தின இரவு நடந்ததைச் சொல்கிறேன். இரண்டு மணி தாண்டியிருக்கும். நாய் குரைப்பதை நிறுத்தியதுதான் என்னை எழுப்பியது. பன்றிக்குக் குரைக்கும், ஆளுக்குக் குரைக்கும், யானைக்கு மட்டும் சாளைக்குள் வந்து என் காலடியில் ஒண்டிக்கொள்ளும். பிறகு வாழை ஒடிகிற சத்தம். நீர் நிறைந்த தண்டு, முறிகிறபோது ஈரத்துணியைக் கல்லில் அடித்தது போலிருக்கும். டார்ச்சை அடித்தேன். முப்பது அடி தூரத்தில் ஒற்றைக் கொம்பன். குருத்தை உருவி, வேர்மண்ணை முன்காலில் தட்டி உதறி, நிதானமாக வாயில் வைத்துக்கொண்டிருந்தது. வெளிச்சம் பட்டதும் காதை விரித்து என்னைப் பார்த்தது. என் நெஞ்சு அடித்துக்கொண்டது எனக்கே கேட்டது. தகரத்தைத் தட்டினேன். என் வாயிலிருந்து வந்த சொல் இதுதான்: "போதும் சாமி. போ. போயிரு சாமி." பேரனை அடுப்படியிலிருந்து விலக்குகிற அதே குரல். அது இன்னொரு வாழையைச் சாய்த்துவிட்டு, ஓடைப் பக்கம் திரும்பி நடந்தது. அதற்குப் பிறகு விடியும்வரை நான் உட்கார்ந்தே இருந்தேன்.

காலையில் எண்ணினேன். தின்றது 14 வாழை. சாய்ந்தும் மிதிபட்டும் போனது 90க்கு மேல். பிசிராந்தையார், பாண்டியன் அறிவுடை நம்பிக்குப் பாடிய புறநானூற்றுப் பாட்டை எத்தனையோ வகுப்புகளில் நடத்தியிருக்கிறேன். நெல்லை அறுத்துக் கவளமாக்கி ஊட்டினால் சிறு துண்டு நிலத்து விளைச்சலே யானைக்குப் பல நாள் வரும், யானையே வயலுக்குள் இறங்கினால் எவ்வளவு நிலம் இருந்தாலும் வாயைவிடக் கால்தான் அதிகம் அழிக்கும் என்று சொல்லி, வரி வாங்கும் முறையை அரசனுக்கு உணர்த்துகிற பாட்டு. கரும்பலகையில் உவமை என்று எழுதி அடிக்கோடு இழுப்பேன். அன்று காலை அந்த உவமை என் காலடியில் சாறு வடிந்து கிடந்தது. பாட்டில் அரசன் இருக்கிறான், யானை இருக்கிறது. அந்த வயலை உழுதவள் எங்கே என்று 31 வருடத்தில் ஒரு பிள்ளையிடமும் நான் கேட்கவில்லை.

கவளமாக்கி ஊட்டிவிடலாமே என்று கேட்கிறவர்கள் உண்டு. எல்லையில் நாலு குலையை வைத்துவிட்டால் புண்ணியத்துக்குப் புண்ணியம், தோட்டமும் தப்பும் என்பார்கள். மசினகுடிப் பக்கம் ரிவால்டோ என்று ஒரு யானை இருந்ததைப் பலரும் அறிவார்கள். தும்பிக்கையில் காயம்பட்ட அந்த யானைக்கு மனிதர்கள் பழமும் தீனியும் கொடுத்துப் பழக்கினார்கள். அது வீட்டுப் பக்கமே சுற்றத் தொடங்கியது. கடைசியில் 2021-ல் அதைப் பிடித்துக் கூண்டில் வைத்து, பிறகு கழுத்தில் ரேடியோ காலர் மாட்டிக் காட்டில் விடவேண்டியதாயிற்று. அன்பு காட்டியவர்கள் இரவில் தங்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். பழக்கம் யானையோடு தங்கிவிட்டது. கொடுக்கிற கை, கொடுத்ததன் விளைவு வரும்போதும் அங்கே இருக்கவேண்டும். இல்லாவிட்டால் அந்தக் கொடையை நான் தானம் என்று சொல்ல மாட்டேன்.

அது திருடுகிறதா என்றால், இல்லை. இதை நான் தெளிவாகவே நம்புகிறேன். சைவ சித்தாந்தம் யானைக்கும் எனக்கும் சேர்த்து வைத்திருக்கிற பெயர் பசு. கட்டுண்ட உயிர். அதன் உடம்புக்கு நாளொன்றுக்குச் சுமார் 150 கிலோ தீனி வேண்டும். காட்டில் அதற்காக ஒரு நாளின் பெரும்பகுதியை நடந்தும் மேய்ந்தும் கழிக்கிறது. மேய்ச்சல் இருந்த இடங்களில் உண்ணிச்செடி புதராக மண்டிவிட்டது. வாளையாற்றுக்கும் அட்டப்பாடிக்கும் இடையே தலைமுறை தலைமுறையாகப் போய்வந்த வலசைத் தடங்களில் சுவர் எழும்பியிருக்கிறது. பக்கத்துத் தடாகம் பள்ளத்தாக்கில் செங்கல் சூளைகளுக்காகச் செம்மண்ணை ஓடைவரை தோண்டினார்கள். சூளையில் எரிக்கக் கொண்டுவந்து போட்ட பனைமரங்களின் சோற்றுக்காக யானைகள் அங்கே வந்து பழகின. இவ்வளவும் நடந்த பிறகு, என் ஒன்றரை ஏக்கரில் அரை மணி நேரத்தில் அதன் வயிற்றுக்குக் கிடைப்பது காட்டில் பாதிநாள் அலைந்தால் கிடைப்பது. பசித்த உயிர் பக்கத்தில் இருப்பதைத் தின்கிறது. அதில் பாவம் ஏது?

ஆனால் என் பயிரும் பசிக்குத்தான். இதைச் சொன்னால் சிலர் முகம் சுளிக்கிறார்கள், லாபத்துக்குப் பயிர் செய்கிறவர்கள் பசியைப் பற்றிப் பேசலாமா என்பதுபோல. வள்ளலார் பெயரைச் சொல்லி என்னிடம் உயிரிரக்கம் பேசிய ஒருவரிடம் நான் பணிவோடுதான் சொன்னேன்: அந்தப் பெரியவர் முதலில் இரங்கியதே வாடிப்போன பயிரைக் கண்டுதான். 1867-ல் வடலூரில் அவர் மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. அந்த அடுப்புக்கு அரிசியும் காயும் யாரோ இரவில் காத்து விளைவித்த நிலத்திலிருந்துதான் போகின்றன. பயிரை விட்டுவிட்டு இரக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ள அவர் வழி இடம் தராது என்பது என் எண்ணம்.

ஆக, இரண்டு பக்கமும் பாவம் இல்லாத ஒரு சண்டை. பாவமே இல்லாத சண்டைக்கு நம் மரபில் ஏதாவது கதை உண்டா என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் திருவானைக்கா நினைவுக்கு வந்தது. காவிரிக் கரையில் வெண்ணாவல் மரத்தடியில் ஒரு லிங்கம். யானை ஒன்று தினமும் தும்பிக்கையில் நீர் முகந்து வந்து நீராட்டும். சருகு விழாமல் இருக்கச் சிலந்தி ஒன்று மேலே வலை பின்னும். யானைக்கு அந்த வலை தூசி, சாமிக்கு அசுத்தம், பிய்த்து எறிகிறது. சிலந்திக்கு அந்த வலைதான் பூசை, திரும்பப் பின்னுகிறது. மறுபடியும் யானை பிய்க்கிறது. ஒருநாள் சிலந்தி தும்பிக்கைக்குள் புகுந்து கடிக்க, யானை தும்பிக்கையைத் தரையில் அறைய, இரண்டும் மாண்டுபோகின்றன.

சிறுவயதில் கேட்டபோது சிலந்திக்காக அழுதேன். இப்போது இரண்டுக்காகவும் நெஞ்சு கனக்கிறது. இதில் கெட்டவர் யார்? ஒருவரும் இல்லை. யானை தன் அறிவுக்குத் தெரிந்த தூய்மையைச் செய்தது. சிலந்தி தன் உடம்பிலிருந்து நூலெடுத்துக் கூரை போட்டது. அடுத்தவர் செய்வது என்ன என்று இரண்டுக்கும் தெரியவில்லை. என் வாழைத்தோட்டம் என் வயிற்றிலிருந்து நூலெடுத்து நான் பின்னிய வலை. அந்த யானைக்கு அது வழியில் கிடக்கிற தீனி. கதையைச் சொன்னவர்கள் சிலந்தியை நல்லதாகவும் யானையைப் பொல்லாததாகவும் ஆக்கியிருக்கலாம், சுலபம். அப்படிச் செய்யாமல் இரண்டையும் அடியார் என்று சொன்னார்களே, அதற்காக அவர்களை நான் வணங்குகிறேன்.

கதை அதோடு நிற்கவில்லை. அந்தச் சிலந்தி கோச்செங்கட்சோழனாகப் பிறந்து கோயில்கள் கட்டினான் என்கிறது புராணம். கட்டியவை மாடக்கோயில்கள். கருவறையை உயரத்தில் வைத்து, யானை ஏறமுடியாதபடி படி அமைத்த கோயில்கள். பழைய பகை மறக்காமல் கட்டினான் என்று சொல்வார்கள். எனக்கு அது பகையாகத் தெரியவில்லை. அரசனாகப் பிறந்தவன் கையில் வாள் இருந்தது, படை இருந்தது. நாட்டிலுள்ள யானைகளையெல்லாம் கொல்லச் சொல்லியிருக்கலாம். அவன் செய்தது தரையை உயர்த்தியது. யானை யானையாகவே இருக்கட்டும், என் சாமி கொஞ்சம் மேலே இருக்கட்டும் என்று முடிவெடுத்தவன் நாயன்மார் அறுபத்து மூவரில் ஒருவன். எங்கள் ஊர்ப் பரணும் அகழியும் சோலார் வேலியும் அவன் போட்ட படியின் சொந்தங்கள்தான். ஆனைக்கா என்றால் யானை வழிபட்ட சோலை என்று பொருள். மக்கள் வாயில் அது ஆனைக்காவல் ஆகியிருக்கிறது. வகுப்பில் இதைப் பேச்சுவழக்குத் திரிபு என்று சொல்லிக் கடந்திருக்கிறேன். இப்போது அந்தத் திரிபுதான் எனக்குப் பிடித்திருக்கிறது.

அப்படியானால் தடுப்பதெல்லாம் சரியா? இல்லை. இங்கேதான் என் மாமியார் சொன்ன ஒரு வார்த்தை எனக்கு வழிகாட்டுகிறது.

2008-ல் இரண்டு வெட்டு வாழை தொடர்ந்து போனது. கடன் தலைக்குமேல். என் கணவர் டவுனிலிருந்து ஒரு சுருள் கட்டுக்கம்பி வாங்கிவந்தார். மோட்டார் ரூமிலிருந்து நேராகக் கரண்ட் இழுத்து வேலியில் விடுவது திட்டம். அவர் கெட்டவர் இல்லை. வண்டிமாட்டை ஒரு நாளும் அடித்ததில்லை. அன்று அவர் கண் சிவந்திருந்தது. நான் பயந்து பேசாமல் நின்றேன். திண்ணையில் வெங்காயம் ஆய்ந்துகொண்டிருந்த என் மாமியார் தலை நிமிராமல் சொன்னார்: "கரண்ட்ட உட்டுப்போட்டு நீ போய்ப் படுத்துக்குவ. நீ தூங்கறப்ப உன்ர கை கொல்லும். தூக்கத்துல கொல்றவன் எந்தச் சாமிகிட்டப் போயி என்னன்னு முறையிடுவான் சாமி?" கடைசிச் சாமி மகனைத்தான். கம்பிச் சுருள் பல வருடம் மாட்டுக்கொட்டகையில் தொங்கி, துருப்பிடித்து, பந்தலுக்குப் போய்ச் சேர்ந்தது.

அந்தச் சொல்லை நான் பல வருடமாகப் புரட்டிப் பார்க்கிறேன். நேருக்கு நேர் நிற்கிற காவலாளி என்ன செய்தாலும் தான் செய்வதைப் பார்க்கிறான். தகரத்தைத் தட்டுகிறவள், யானை திரும்பியதும் தட்டுவதை நிறுத்துகிறாள். குட்டியோடு வந்திருக்கிறதா என்று பார்த்து ஒதுங்கிக்கொள்கிறாள். கையில் நிறுத்துகிற சக்தி இருக்கிறது. வேலியில் ஓடுகிற 230 வோல்ட்டுக்கு நிறுத்தத் தெரியாது. அதற்குப் பன்றியும் ஒன்று, யானையும் ஒன்று, மாடு தேடிவந்த பக்கத்துவீட்டுப் பையனும் ஒன்று. முறையான சோலார் வேலி மின்சாரத்தை விட்டுவிட்டு மிகக் குறுகிய துடிப்புகளாகத் தள்ளுகிறது. சுரீர் என்று உணர்த்தி விலக்குகிறது, உயிரை எடுப்பதில்லை. அது தட்டி எழுப்புகிற வேலி. லைன் கரண்ட் வேலி நாம் தூங்குவதற்காகக் கொல்கிற வேலி. 2023-ல் தமிழக அரசு மின்வேலிகளுக்கு அனுமதியும் பதிவும் கட்டாயம் என்று விதி கொண்டுவந்தது. விதி வருவதற்குள் எத்தனை உயிர்!

அந்த 2023 மார்ச் மாதத்தை என்னால் மறக்க முடியாது. தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளிப் பக்கம் ஒரு நிலத்தில், பயிரைக் காக்கப் போட்ட கள்ள மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் இறந்தன. கூட வந்த இரண்டு குட்டிகள் உயிரோடு, செத்துக்கிடந்த தாய்களைச் சுற்றிச் சுற்றி வந்தன. அதற்கு அடுத்த வாரமே, முதுமலையில் அநாதை யானைக்குட்டிகளை வளர்த்த தம்பதியைப் பற்றிய 'தி எலிஃபண்ட் விஸ்பரர்ஸ்' படம் ஆஸ்கர் வாங்கியது. நாடே மகிழ்ந்தது, நானும் மகிழ்ந்தேன். மகிழ்ந்த இரவே மாரண்டஅள்ளிக் குட்டிகளை நினைத்துத் தூக்கம் வரவில்லை. அந்தக் கம்பியைக் கட்டியவர் மனதில் யானையே இருந்திருக்காது என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. நான் அவரை மன்னிக்கச் சொல்லவில்லை. 2008-ல் என் வீட்டுத் திண்ணையில் ஒரு கிழவி மட்டும் உட்கார்ந்திருக்காவிட்டால் அந்தக் கம்பி என் நிலத்தில் இருந்திருக்கும், அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

அவுட்டுக்காயைப் பற்றியும் சொல்லியே ஆகவேண்டும். பன்றிக்கென்று பழத்துக்குள்ளோ தீனிக்குள்ளோ வெடிமருந்தைப் பொதிந்து காட்டோரம் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். கடித்ததும் வாய்க்குள் வெடிக்கும். அதைக் கடித்த யானை உடனே சாவதில்லை. தாடை சிதைந்து, நாக்கு கிழிந்து, தின்னவும் குடிக்கவும் முடியாமல் நாள்கணக்கில் நின்று நின்று மெலிந்து விழும். எங்கள் கோவை வனப்பகுதியிலேயே அப்படிச் செத்த யானைகள் உண்டு. போட்டவன் அப்போது எங்கே? வீட்டில். சாப்பிட்டுக்கொண்டோ தூங்கிக்கொண்டோ. கொலையைச் செய்துவிட்டு அந்த இடத்தில் இல்லாமல் இருப்பது, கொலையைவிட ஒரு படி கீழான காரியம்.

இதற்கு நேர்மாறாக, தூங்காமல் இருந்தவனின் கதை ஒன்று உண்டு. அந்தச் சிவராத்திரிக் கதையை எங்கள் அமுச்சி, அம்மாவின் அம்மா, சொல்வாள். காட்டில் புலிக்குப் பயந்து வில்வ மரத்தில் ஏறின வேடன், தூங்கினால் விழுந்துவிடுவோம் என்று ஒவ்வோர் இலையாகக் கிள்ளிக் கீழே போட்டுக்கொண்டே இரவைக் கழித்தான். கீழே லிங்கம் இருந்தது அவனுக்குத் தெரியாது. விடிந்தபோது அது பூசையாகியிருந்தது. இந்தக் கதையில் பக்தி எங்கே இருக்கிறது என்று பிள்ளைகள் கேட்டால் முன்பெல்லாம் பதில் சொல்லத் திணறுவேன். மாடியில் உட்கார்ந்து பல இரவுகள் கழிந்த பிறகு இப்போது எனக்குப் புரிகிறது. அவன் புலியைக் கொல்லவில்லை, தானும் சாகவில்லை, தூங்கவில்லை. அந்த ஓர் இரவு மூன்றும் ஒரே மரத்தில் நடந்தன. அதைத்தான் சிவன் ஏற்றுக்கொண்டார். காவலிருக்கிற ஒருத்தியும், மலைக்கு மேலே கண்விழிக்கிற அடியார்களும் ஒரே இரவைத்தான் விழித்துக் கழிக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன். குளிர் கொஞ்சம் குறையும்.

இவ்வளவு எழுதிய பிறகு ஒரு பெண்ணின் முகம் வந்து நிற்கிறது. பக்கத்துத் தோட்டம் அவளுடையது. அவள் புருஷன் விடியற்காலை ஐந்து மணிக்கு டிவிஎஸ் ஃபிப்டியில் இரண்டு கேன் பாலோடு சொசைட்டிக்குப் போனவர். ஓடைத் திருப்பத்தில் பனி. யானை நிற்பது தெரியவில்லை. நாங்கள் ஓடிப்போனபோது கேன் ஒன்று மூடி திறக்காமல் அப்படியே இருந்தது. பதினாறாம் நாள் காரியத்தில் யாரோ ஒரு பெரியவர், "சாமி எடுத்துக்கிச்சு, என்ன பண்றது" என்றார். அவள் நிமிர்ந்து பார்த்தாள். "அத இனிமே யாரும் எம்முன்னால சாமின்னு சொல்லாதீங்க" என்றாள். அன்றிலிருந்து அவளுக்கு யானை 'அது'. நான் அவள் முன்னால் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை. என் நம்பிக்கையை அவள் துக்கத்தின் மேல் ஏற்றிவைக்க எனக்கு உரிமை இல்லை. சாமி என்ற சொல்லுக்கு விலை கொடுத்தவள் அவள். நான் வாழைதான் கொடுத்திருக்கிறேன்.

அவர் எப்படிச் செத்தார் என்பதை யோசித்தால், யானையின் வெறியால் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அது அங்கே நிற்பது அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். வால்பாறையில் யானைகளால் நேர்ந்த மரணங்களை ஆராய்ந்தவர்களும் இதையே கண்டார்கள்; பெரும்பாலானவை யானை பக்கத்தில் இருப்பது தெரியாமல் எதிரே போய்விட்டதால் நேர்ந்தவை. அதனால் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையைச் சேர்ந்தவர்கள் தேயிலைத் தோட்ட மக்களோடு சேர்ந்து ஓர் ஏற்பாடு செய்தார்கள். இன்ன எஸ்டேட்டில் யானை நிற்கிறது என்று செல்போனில் குறுஞ்செய்தி, உள்ளூர் கேபிள் டிவியின் அடியில் ஓடுகிற வரி, மேட்டில் தூரத்திலிருந்தே தெரிகிற சிவப்பு விளக்கு. விளக்கு எரிந்தால் அந்தப் பக்கம் போகாதே. யாரையும் கொல்லாத, யாரையும் பிடித்துக்கட்டாத ஏற்பாடு. ஒருவர் விழித்திருந்து பார்த்ததை இன்னொருவருக்குச் சொல்கிறார். எங்கள் ஓடைத் திருப்பத்தில் அப்படி ஒரு சிவப்பு விளக்கு இருந்திருந்தால் அந்த மனிதர் அன்று வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்திருப்பார்.

மதுக்கரை ரயில் பாதையிலும் இப்படித்தான். 2021 நவம்பரில் நவக்கரைப் பக்கம் ஒரே இரவில் மூன்று யானைகள் ரயிலில் அடிபட்டுச் செத்தன. இப்போது அங்கே 12 கோபுரங்களில் இருட்டிலும் பார்க்கிற கேமராக்கள் இருக்கின்றன. 2024-ல் தொடங்கினார்கள். யானை தண்டவாளத்தை நெருங்கினால் தகவல் போகிறது, ரயில் மெதுவாகிறது. இயந்திரம்தான் விழித்திருக்கிறது, ஆனால் அதைப் பார்த்துக்கொண்டு ஓர் அறையில் மனிதர்களும் விழித்திருக்கிறார்கள். அங்கே அரசும் ரயில்வேயும் தங்கள் முறைக் காவலை ஏற்றுக்கொண்டிருக்கின்றன. ரயிலில் போகிறவர்கள் சில நிமிடத் தாமதத்தைக் கொடுக்கிறார்கள். யானைக்காக நகரத்துக்காரர் ஒருவர் தன் நேரத்தில் ஐந்து நிமிடம் கொடுக்கிற இடம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

பிடித்துக்கொண்டுபோய் வேறிடத்தில் விடுவதைப் பற்றி எனக்கு நல்ல எண்ணம் இல்லை. தடாகத்தில் 2018 டிசம்பரில் பிடித்த யானையின் பெயர் விநாயகன். அடுத்த மாதமே சின்னத்தம்பி. அவனை டாப்ஸ்லிப் பக்கம் வரகளியாற்றில் விட்டார்கள். அவன் நிற்கவில்லை, காட்டைவிட்டு வெளியேறி உடுமலைப் பக்கம் கரும்புக்காட்டில் வந்து நின்றான். ஊர் ஊராக மக்கள் அவனைப் பார்க்கத் திரண்டார்கள். பிடிக்கக்கூடாது என்று தமிழ்நாடே பேசியது. எனக்கும் அழுகை வந்தது. ஆனால் அந்த நாள்களில் தடாகத்து விவசாயிகளை இரக்கமில்லாதவர்கள் என்று ஏசியவர்களில் ஒருவர்கூட ஓர் இரவு அங்கே வந்து காவலிருந்ததாக நான் கேள்விப்படவில்லை. கடைசியில் அவனை மறுபடி பிடித்து மரக்கூண்டில் அடைத்தார்கள். அழுதவர்கள் வீட்டுக்குப் போனோம்.

பன்றிக்கு அந்த அழுகையும் கிடையாது. 2025 தொடக்கத்தில் அரசு ஒரு முறை வகுத்தது: காப்புக்காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைத் தொடக்கூடாது, ஒன்றிலிருந்து மூன்றுக்குள் பிடித்துக் காட்டில் விடவேண்டும், மூன்றுக்கு அப்பால் வனத்துறை சுடலாம். வெங்காயத்தைக் கிளறிப்போட்ட பன்றிகளால் நானும் அழுதிருக்கிறேன், இந்த ஆணையைக் கேட்டு மூச்சு விட்டவர்களில் நானும் ஒருத்தி. ஆனாலும் மனதில் ஒரு முள். வராகமும் பெருமாள்தானே. எங்கள் ஊரில் யாரும் பன்றியைச் சாமி என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை. மயிலை முருகன் வாகனம் என்று கும்பிட்டுவிட்டு, தக்காளியைக் கொத்துகிறது என்று தானியத்தில் விஷம் வைப்பவர்கள் இருக்கிறார்கள். எது சாமி, எது இல்லை என்பதை நாம் உருவத்தை வைத்து முடிவுசெய்கிறோமோ என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. வேலி மட்டும் போட்டிருக்கிறேன். விஷம் வைக்கவில்லை.

தண்ணீர் குடித்துவிட்டுப் போன அந்த அம்மாவை மறுபடி பார்த்தால் சொல்ல ஒன்று வைத்திருக்கிறேன். நீங்கள் கும்பிட்டது சரிதானுங்க. நான் விரட்டினதும் சரிதான். அடுத்த முறை ஓர் இரவு தங்கிப் போங்கள். கம்பளி இருக்கிறது, டீ போட்டுத் தருகிறேன். முறை என்ற சொல்லுக்குத் தமிழில் உள்ள பொருள்களில் இரண்டு: நியாயம் ஒன்று, ஆளுக்கு ஒரு தடவை என்பது இன்னொன்று. எங்கள் பாட்டன்மார் காலத்தில் ஊரே முறைவைத்துக் காவல் இருந்தது. இப்போது பிள்ளைகள் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் போய்விட்டார்கள். ஓடையோரம் விழித்திருப்பவர்கள் ஐந்தாறு பேர். பெரும்பாலும் கிழங்களும் பெண்களும்.

அந்த ஐந்தாறு பேரில் பக்கத்துத் தோட்டத்து அந்தப் பெண்ணும் ஒருத்தி. புருஷன் போன மூன்றாம் மாதம், மாமனாரோடு சேர்ந்து அவளும் மாடியில் படுக்க ஆரம்பித்தாள். எங்களுக்குள் ஒரு பழக்கம் வந்தது. பன்னிரண்டு மணிக்கு நான் டார்ச்சை ஆகாயத்தைப் பார்த்து இரண்டு தரம் அடிப்பேன். அவளும் இரண்டு தரம் அடிப்பாள். நான் முழித்திருக்கிறேன் என்று அர்த்தம். மூன்று மணிக்கு அவள் முதலில் அடிப்பாள்.

போன மாதம் ஓர் இரவு, அமாவாசைக்கு அடுத்த நாள், நான் கண்ணயர்ந்துவிட்டேன். போன் அடித்தது. மணி இரண்டே முக்கால். அவள் குரல் தணிந்திருந்தது.

"டீச்சரக்கா, அது வந்திருக்குதுங். எங்க பாக்கைத் தாண்டி உங்க பக்கம் திரும்பிருச்சு. கூடக் குட்டி இருக்குதுங்க்கா, பட்டாசு கிட்டாசு போட்டுராதீங்க. எந்திரிச்சு உக்காருங்க."

"சரி அம்மிணி" என்றேன். எழுந்து டார்ச்சை எடுத்து ஆகாயத்தைப் பார்த்து இரண்டு தரம் அடித்தேன். பாக்குத்தோப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு தரம் வெளிச்சம் வந்தது.